சீட்டு கொடுத்தாச்சு, தோசை வந்துச்சா? – வெப் பக்கமும் ஜிபியு-வும் ஒத்துப்போவது எப்படி

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்துவிட்டால் ஏதாவதொரு ஸ்லைடில் இப்படி ஒரு வரி தலைகாட்டும்: "சிபியு-வில் 1 செகண்ட். ஜிபியு-வில் 0.1 மில்லி செகண்ட். 10,000 மடங்கு வேகம்." பக்கத்திலேயே ஒரு பார் சார்ட். அதில் ஜிபியு-வின் கம்பி கண்ணுக்கே தெரியாது.

அந்த எண்ணை ஒரு நிமிஷம் பிடித்து நிறுத்தி விசாரிப்போம். வேலை என்ன? 1024-க்கு 1024 அளவில் இரண்டு மேட்ரிக்ஸ்களைப் பெருக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையில் 10,48,576 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 1024 பெருக்கல், 1024 கூட்டல். மொத்தம் சுமார் 214 கோடி கணக்குகள். இதை 0.1 மில்லி செகண்டில் முடித்தால், செகண்டுக்கு 21 லட்சம் கோடிக்கு மேல். அதாவது 21 டெராஃப்ளாப்ஸ். டெஸ்க்டாப்பில் போடும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டே காகிதக் கணக்கில் 13 டெராஃப்ளாப்ஸைத் தொடாது. டெமோ காட்டிய லேப்டாப்பிலோ தனி கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. உள்ளேயே இருக்கும் ஜிபியு ஒன்று, இரண்டு டெராஃப்ளாப்ஸ் தாண்டினாலே பெரிய விஷயம்.

அப்படின்னா அந்த 0.1 எங்கிருந்து வந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. ஆனால் அது அளந்தது வேறு ஒன்றை.

ஹோட்டலில் சப்ளையர் உங்களிடம் ஆர்டர் வாங்கி, உள்ளே போய் "ரெண்டு மசால்" என்று குரல் கொடுத்துவிட்டு, அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். அவர் உள்ளே போய் வெளியே வர 3 செகண்ட். அதைப் பார்த்து "இந்தக் கடையில் மசால் தோசை 3 செகண்டில் ரெடி" என்று எழுதினால் எப்படி இருக்கும்? ப்ரௌசரில் ஜிபியு-வுக்கு வேலை கொடுத்து, உடனே நேரம் பார்ப்பது அச்சு அசல் இதுதான். சீட்டு கொடுத்த நேரம்தான் கிடைக்கும். தோசை இன்னும் கல்லில்கூட ஊற்றப்பட்டிருக்காது.

மூன்று இடம், மூன்று கடிகாரம்

நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் ஜிபியு-வோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. குரோமில் ஒவ்வொரு வெப் பக்கமும் தனி ப்ராசஸில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து டிரைவரைத் தொட அனுமதி கிடையாது. நம் கட்டளைகள் வரிசையாக ஒரு பஃபரில் எழுதப்பட்டு, ஜிபியு ப்ராசஸ் என்ற இன்னொரு ப்ராசஸுக்குப் போகும். அது கட்டளைகள் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்து, விண்டோஸாக இருந்தால் டைரக்ட்3டி, மேக் என்றால் மெட்டல், ஆண்ட்ராய்டில் வல்கன் என்று மொழிபெயர்த்து டிரைவருக்குக் கொடுக்கும். அதன் பிறகுதான் சிலிக்கான்.

வெப்ஜிபியு-வின் ஸ்பெசிஃபிகேஷன் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது: கன்டென்ட் டைம்லைன், டிவைஸ் டைம்லைன், க்யூ டைம்லைன். ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது முதலாவதில். கட்டளைச் சோதனை நடப்பது இரண்டாவதில். நிஜமான கணக்கு நடப்பது மூன்றாவதில். மூன்றும் தனித்தனி வேகத்தில் ஓடும். 'சப்மிட்' என்று நீங்கள் கூப்பிட்டதும் முதல் டைம்லைன் உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. பிழைச் செய்திகூட அப்படித்தான்: தப்பான கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் அந்த வரியில் எக்ஸெப்ஷன் விழாது; கொஞ்சம் கழித்து கன்சோலில் எங்கோ ஒரு எச்சரிக்கையாக வரும். ட்ரை-கேட்ச் போட்டுவிட்டோம், பிழையே இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த மூன்றையும் தேவைப்படும் இடத்தில் மட்டும் சேர்த்துப் பிடிப்பதுதான் சிங்க்ரனைசேஷன். 'தேவைப்படும் இடத்தில் மட்டும்' என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

காத்திருந்தால் என்ன போச்சு?

நியாயமான கேள்வி. ஜிபியு முடிக்கும்வரை ஜாவாஸ்கிரிப்ட் சும்மா நின்றால் என்ன?

ஒரு பக்கத்தின் மெயின் த்ரெட் ஒன்றே ஒன்றுதான். பட்டன் க்ளிக், ஸ்க்ரால், டைப் செய்வது, பக்கத்தை மறுபடி வரைவது எல்லாம் அதே ஒற்றை வரிசையில்தான். 60 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீனில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி செகண்ட். 120 ஹெர்ட்ஸ் ஃபோனில் அதில் பாதி.

ஒரு கணக்கு போடுவோம். உங்கள் பக்கத்தில் ஒரு ஃப்ரேமுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை 6 மில்லி செகண்ட், ஜிபியு வேலை 8, விடையைத் திரும்ப எடுத்துவர 3. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உழைத்தால், அதாவது ஜிபியு இந்த ஃப்ரேமைச் செய்யும்போது ஜாவாஸ்கிரிப்ட் அடுத்த ஃப்ரேமைத் தயார் செய்தால், 16.67-க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நின்று காத்திருந்தால் 6+8+3 = 17. வெறும் 0.33 மில்லி செகண்ட்தான் அதிகம். ஆனால் ஸ்க்ரீன் அந்தப் பாக்கிக்காக நிற்காது. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் இன்னொரு 16.67 கழித்து. 60 ஃப்ரேம் ஓடவேண்டிய இடத்தில் 30 ஓடும். இதில் வேடிக்கை, ஜாவாஸ்கிரிப்ட் நிற்கும்போது ஜிபியு உழைக்கிறது. ஜிபியு முடித்ததும் ஜாவாஸ்கிரிப்ட் யோசிக்க ஆரம்பிக்கிறது, அப்போது ஜிபியு சும்மா நிற்கிறது. இரண்டு பேருக்கும் சம்பளம், ஒருத்தர் வேலைதான் நடக்கிறது.

பழைய குற்றவாளி

2011-ல் வந்த வெப்ஜிஎல் காலத்திலிருந்தே 'ரீட்பிக்ஸல்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஜிபியு வரைந்ததை ஜாவாஸ்கிரிப்ட் வரிசைக்கு எடுத்துக்கொடுக்கும். பார்ப்பதற்கு அப்பாவி. ஆனால் அது திரும்பி வரும்போது கையில் டேட்டா இருந்தே ஆகவேண்டும். எனவே அதற்கு முன் க்யூவில் இருக்கும் எல்லா வேலையும் முடியும்வரை மெயின் த்ரெட்டை நிறுத்திவிடும். ஒரே ஒரு பிக்ஸல் கேட்டாலும் அதே காத்திருப்புதான். 1920-க்கு 1080 முழுத் திரையைக் கேட்டால் காத்திருப்போடு 83 லட்சம் பைட்டுகளைச் சுமந்து வரும் செலவும் சேரும்.

டென்சர்ஃப்ளோ.ஜேஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதே ஆள் வேறு சட்டையில் வருவார்: 'டேட்டாசிங்க்'. ஆன்லைன் ட்யூட்டோரியல்களில் இது ஏராளமாகப் புழங்குகிறது, ஏனென்றால் ஒரே வரியில் விடை வந்துவிடும். நம்மூர் காலேஜ்களில் எந்த பேட்சை எடுத்தாலும் இலையைப் படம் பிடித்து நோய் சொல்லும் ப்ராஜெக்ட் ஒன்றாவது இருக்கும். அப்படி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தேர்வு செய்து, பட்டனை அழுத்தினால், 'காத்திருக்கவும்' என்ற செய்தி வரவேண்டும். ஆனால் அந்தச் செய்தியே வராது. பக்கம் கல் மாதிரி நிற்கும், கடைசியில் செய்தியும் விடையும் ஒன்றாக வந்து விழும். காரணம் எளிது. செய்தியைத் திரையில் வரைய வேண்டியதும் அதே மெயின் த்ரெட். அதை 'டேட்டாசிங்க்' பிடித்து வைத்திருக்கிறது. 'டேட்டா' என்ற ப்ராமிஸ் வடிவத்துக்கு மாற்றி முன்னால் 'அவெயிட்' போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

வேலியும் ஒரு பொறியும்

2017-ல் வந்த வெப்ஜிஎல் 2 ஒரு நல்ல கருவியைக் கொடுத்தது: ஃபென்ஸ். க்யூவில் வேலைகளைப் போட்டுவிட்டு, அதன் பின்னால் ஒரு வேலிக்கல் நடுவது மாதிரி. ஜிபியு அந்தக் கல்லைத் தாண்டிவிட்டதா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். முறை இதுதான்: 'ரீட்பிக்ஸல்ஸ்' விடையை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவராமல் ஜிபியு பக்கத்து பஃபர் ஒன்றில் போடச் சொல்லுங்கள். உடனே 'ஃபென்ஸ்சிங்க்', அப்புறம் 'ஃப்ளஷ்'. ஃப்ளஷ் முக்கியம், அது இல்லாவிட்டால் சீட்டு சப்ளையர் பாக்கெட்டிலேயே கிடக்கலாம். பிறகு அவ்வப்போது 'கிளையன்ட்வெயிட்சிங்க்' மூலம், காத்திருப்பு நேரம் 0 என்று கொடுத்து, முடிந்ததா என்று விசாரிக்க வேண்டும். முடிந்தது என்றதும் பஃபரைப் படித்தால் தடை இல்லாமல் விடை கிடைக்கும்.

இங்கேதான் சி, சி++ படித்துவிட்டு வருபவர்கள் விழுகிற குழி. "முடியும்வரை சுற்று" என்று ஒரு வைல் லூப் எழுதிவிடுவார்கள். டெஸ்க்டாப் ஓபன்ஜிஎல்-லில் அது வேலை செய்யும். வெப்பில் அந்த லூப் காலத்துக்கும் முடியாது! ஏனென்றால் ஒரு டாஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபென்ஸின் நிலை மாறக்கூடாது என்று வெப்ஜிஎல் 2-ன் விதியே சொல்கிறது. கட்டுப்பாடு ஈவென்ட் லூப்புக்குத் திரும்பிப் போனால்தான் "முடிந்தது" என்று மாறும். ஜிபியு எப்போதோ முடித்திருக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் பதில் வராது. எனவே ஒருமுறை கேளுங்கள், இல்லையென்றால் 'செட்டைம்அவுட்' போட்டுவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியே வாருங்கள், மறுபடி கேளுங்கள்.

'செட்டைம்அவுட்'-க்குப் பதில் 'ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம்' போடலாமா? அனிமேஷனுக்கு அது சரி. ஆனால் பயனர் நடுவில் வேறு டேபுக்குப் போனால், பின்னணியில் இருக்கும் பக்கத்துக்கு அது கூப்பிடவே கூப்பிடாது. விடை தயாராகி உட்கார்ந்திருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

வெப்ஜிபியு வந்தபின்

2023-ல் குரோம் 113-ல் தொடங்கி, 2024-ல் ஆண்ட்ராய்டு குரோமுக்கும், 2025-ல் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரிக்கும் வந்து சேர்ந்த வெப்ஜிபியு-வில், நின்று காத்திருக்கும் ஃபங்ஷன் மெயின் த்ரெட்டில் கிடையவே கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தப்பு செய்ய வழியே வைக்காதது நல்ல டிசைன் என்பது என் கட்சி.

விடையைத் திரும்ப எடுக்கும் வழி கொஞ்சம் சுற்று. கணக்கு நடக்கும் ஸ்டோரேஜ் பஃபரை நேராகப் படிக்க முடியாது. படிப்பதற்கென்றே இன்னொரு பஃபர் உருவாக்க வேண்டும். 'படிக்கலாம்' என்ற அனுமதியோடு 'இதற்குள் காப்பி செய்யலாம்' என்ற அனுமதியை மட்டும்தான் சேர்க்க முடியும், வேறு எதுவும் சேராது. ஸ்டோரேஜிலிருந்து இதற்குக் காப்பி செய்யும் கட்டளையை அதே என்கோடரில் எழுதி, சப்மிட் செய்துவிட்டு, அதன் பிறகு 'மேப்அசிங்க்' கூப்பிட வேண்டும். அது ஒரு ப்ராமிஸ் தரும். ப்ராமிஸ் நிறைவேறினால் அந்த பஃபரைத் தொடும் ஜிபியு வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று அர்த்தம். எனவே இதற்கு முன்னால் தனியாக 'ஆன்சப்மிட்டட்வொர்க்டன்' போட்டுக் காத்திருப்பது வெட்டி வேலை.

இதில் அடிப்படைச் சிந்தனை உரிமை மாற்றம். ஒரு பஃபர் ஒரு நேரத்தில் ஒருத்தர் கையில்தான் இருக்கும். மேப் கேட்ட நொடியிலிருந்து ஜிபியு-வுக்கு அது கிடையாது. சப்மிட்டுக்கு முன்னாலேயே அவசரப்பட்டு 'மேப்அசிங்க்' போட்டால் அந்த சப்மிட்டே பிழையாகிவிடும். படித்து முடித்து 'அன்மேப்' செய்தால் நம் கையிலிருந்து போய்விடும். எவ்வளவு நிஜமாகப் போகும் என்றால், நீங்கள் வாங்கி வைத்திருந்த அரேயின் நீளமே 0 ஆகிவிடும். அதனால் அன்மேப் செய்யும் முன் 'ஸ்லைஸ்' போட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் ரூமில் ஒரே சார்ஜர் மாதிரி. யார் கையில் இருக்கிறது என்பது தெளிவாக இருந்தால் சண்டை வராது.

ஒவ்வொரு ஃப்ரேமிலும் விடை வேண்டுமென்றால் ஒரு படிக்கும் பஃபர் போதாது. இரண்டோ மூன்றோ வைத்துச் சுழற்றுங்கள். ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும்போது இன்னொன்றில் ஜிபியு எழுதும். விடை ஒரு ஃப்ரேம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் கோடு எழுத உட்கார வேண்டும்.

இன்னொரு வழக்கமான பிழை, இது காத்திருப்பு சம்பந்தப்பட்டது அல்ல, வரிசை சம்பந்தப்பட்டது. பத்து பந்துகளை வரைய வேண்டும். ஒரே யூனிஃபார்ம் பஃபரில் முதல் பந்தின் இடத்தை 'ரைட்பஃபர்' மூலம் எழுதி, வரையும் கட்டளையை என்கோடரில் சேர்த்து, அடுத்த பந்தின் இடத்தை எழுதி, மறுபடி கட்டளை சேர்த்து... கடைசியில் ஒரே சப்மிட். திரையில் ஒரே ஒரு பந்துதான் தெரியும். உண்மையில் பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக, பத்தாவது பந்தின் இடத்தில் இருக்கும். 'ரைட்பஃபர்' க்யூவில் அப்போதே சேர்ந்துவிடுகிறது. என்கோடரில் எழுதியவையோ சப்மிட் ஆகும்போதுதான் க்யூவுக்கே வருகின்றன. எனவே பத்து எழுத்தும் முதலில், பத்து வரைதலும் பிறகு. பத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, ஆஃப்செட் மாற்றிக் காட்டுவதே சரியான வழி.

அவெயிட் போட்டாச்சு, பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இங்கேதான் வெப் அப்ளிகேஷன் பக்கத்துத் தலைவலி ஆரம்பிக்கிறது. பயனர் சும்மா இருக்கமாட்டார். 'அவெயிட்' மெயின் த்ரெட்டை விடுவித்துவிட்டது, பட்டன்கள் எல்லாம் வேலை செய்கின்றன. மறுபடி அதே இலை ஆப். முதல் இலையின் படத்தைக் கொடுத்தார். விடை வருவதற்குள் பொறுமை இழந்து இரண்டாவது இலையின் படத்தைத் தேர்வு செய்தார். திரையில் இப்போது இரண்டாவது இலை. அந்த நேரம் பார்த்து முதல் இலையின் விடை வந்து, படத்துக்குக் கீழே "நோய் இல்லை" என்று உட்கார்கிறது. இலை வேறு, விடை வேறு. இதை நம்பி ஒருவர் மருந்து அடிக்காமல் விட்டால்? பழைய 'டேட்டாசிங்க்' கோடில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை, ஏனென்றால் பக்கம் உறைந்து கிடந்தது! உறைநிலையை நீக்கியதும் புதுப் பொறுப்பு நம் தலையில்.

தீர்வு சின்னதுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறுவரிசையில் ஒரு எண். கோரிக்கை கிளம்பும்போது அந்த எண்ணை ஒரு லோக்கல் மாறியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ராமிஸ் நிறைவேறியதும், என் எண்ணும் இப்போதைய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விடையைத் திரையில் காட்டாமல் தூக்கிப் போடுங்கள். ஜிபியு-வுக்குக் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்க வெப்ஜிபியு-வில் வழி இல்லை. சமைத்ததை வேண்டாம் என்று சொல்லத்தான் முடியும்.

நேரலை கேமரா என்றால் இன்னொரு வகைச் சிக்கல். கேமரா செகண்டுக்கு 30 ஃப்ரேம் தருகிறது. உங்கள் மாடலுக்கு ஒரு ஃப்ரேமுக்கு 50 மில்லி செகண்ட் ஆகிறது, அதாவது செகண்டுக்கு 20. வந்ததையெல்லாம் சப்மிட் செய்துகொண்டே போனால் 10 செகண்டில் 300 ஃப்ரேம் உள்ளே, 200 வெளியே, 100 க்யூவில். இப்போது திரையில் தெரியும் விடை 3 செகண்டுக்கு மேல் பழசு. கையை எடுத்த பிறகும் கையைச் சுற்றி ஒரு கட்டம் ஆடிக்கொண்டிருக்கும். 640-க்கு 480 ஃப்ரேம் ஒன்று 12 லட்சம் பைட். 100 ஃப்ரேம் என்றால் 12 கோடி பைட் மெமரி சும்மா தேங்கி நிற்கிறது. போகப்போக இது கூடும், ஒரு கட்டத்தில் ஃபோன் டேபையே மூடிவிடும். இதற்கும் மருந்து ஒரு பூலியன் மாறி: முந்தையது முடியவில்லை என்றால் இந்த ஃப்ரேமை விட்டுவிடு. செகண்டுக்குச் சில புது விடைகள், தேங்கிப்போன பழைய விடைகளைவிட எவ்வளவோ மேல்.

ஜிபியு உங்களுக்கு மட்டும் அல்ல

முன்னே சொன்ன மீதிப் பாதி இதுதான். மெயின் த்ரெட் முழுசாக ஓய்வாக இருந்தும் பக்கம் திக்கித் திணறலாம். ஏனென்றால் ப்ரௌசர் பக்கத்தைத் திரையில் ஒட்டுவதற்கும் அதே ஜிபியு வேண்டும். மௌஸ் நகர்வது, மற்ற விண்டோக்கள், எல்லாமே அங்கே வரிசையில் நிற்கின்றன. நீங்கள் ஒரே டிஸ்பேட்சில் 400 மில்லி செகண்ட் வேலையைக் கொடுத்தால், அந்த 400-க்கும் கம்ப்யூட்டர் முழுக்க மூச்சுப் பிடிக்கலாம். வெப் வொர்க்கருக்குள் வெப்ஜிபியு-வை ஓட்டினாலும் இது மாறாது. வொர்க்கர் காப்பாற்றுவது சிபியு த்ரெட்டைத்தான்.

இன்னும் நீண்டால் நிலைமை மோசம். விண்டோஸில் ஜிபியு ஒரு வேலையில் 2 செகண்ட் சிக்கிக்கொண்டு பதில் சொல்லாவிட்டால், சிஸ்டமே டிரைவரை ரீசெட் செய்துவிடும். இது அங்கே இயல்பான அமைப்பு. அப்போது உங்கள் டிவைஸ், பஃபர், டெக்ஸ்சர் எல்லாம் போச்சு. வெப்ஜிபியு-வில் 'டிவைஸ்.லாஸ்ட்' என்ற ப்ராமிஸ் இதைச் சொல்லும். அதைக் கவனிக்காமல் விட்டால், நடந்துகொண்டிருந்த 'மேப்அசிங்க்' தோல்வியடைந்து, பிடிக்க ஆளில்லாத ரிஜெக்‌ஷனாக கன்சோலில் கிடக்கும். பயனர் முன்னால் ஸ்பின்னர் மட்டும் முடிவில்லாமல் சுற்றும். டெமோ நாளில் பேனல் முன்னால் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே பெரிய வேலையைத் துண்டு போடுங்கள். 400 மில்லி செகண்ட் வேலையை 50 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 8. சில துண்டுகளுக்கு ஒருமுறை 'ஆன்சப்மிட்டட்வொர்க்டன்'-க்கு அவெயிட் போட்டு மூச்சு விடுங்கள்; ப்ரௌசர் நடுவில் புகுந்து திரையை வரைந்துகொள்ளும். மொத்த நேரம் கொஞ்சம் கூடும். பயனருக்கு வேகமாக ஓடுவது போலத் தெரியும்.

இனி அந்த 0.1-ஐச் சரிசெய்வோம்

முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஷேடர் கம்பைல் ஆகும் நேரம் கலந்திருக்கும். நிஜ வேலையைவிட அது பல மடங்கு இருக்கலாம். (பயனருக்கும் அந்த முதல் அடி விழாமல் இருக்க, பக்கம் திறந்ததும் ஒரு வெற்றுப் படத்தைக் கொடுத்து ஓடவிடலாம். வெப்ஜிபியு-வில் பைப்லைனை உருவாக்கும் அசிங்க் ஃபங்ஷனே தனியாக இருக்கிறது.) பிறகு கடிகாரத்தைத் தொடங்கி, சப்மிட் செய்து, 'ஆன்சப்மிட்டட்வொர்க்டன்' நிறைவேறியபின் நிறுத்துங்கள். விடை ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் தேவைப்படும் ஆப் என்றால் 'மேப்அசிங்க்' முடிந்தபின் நிறுத்துவதே நேர்மை. பயனர் காத்திருப்பது அதுவரைதான். ப்ராமிஸ் வந்து சேரும் தாமதமும் இதில் கலக்கும் என்பதால், சின்ன வேலைகளுக்கு அதையே 100 தடவை சப்மிட் செய்து, கடைசியில் ஒருமுறை மட்டும் காத்திருந்து, 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜிபியு-வுக்குள் மட்டும் எவ்வளவு நேரம் என்று தெரிய 'டைம்ஸ்டாம்ப்-க்வெரி' என்ற வசதியைக் கேட்டு வாங்கலாம். எல்லா டிவைஸிலும் இருக்காது. குரோமில் இயல்பாக 100 மைக்ரோ செகண்ட் படிகளாகத்தான் எண் வரும். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? 2018-ல் ஸ்பெக்டர் வெளிவந்தபோது, துல்லியமான கடிகாரமே திருடனுக்கு ஆயுதம் என்று எல்லாருக்கும் புரிந்தது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வ்ரைய பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்ஜிஎல்-லின் டைமர்களை வைத்தே ஆண்ட்ராய்டு ஃபோனின் மெமரியைக் கலைத்துக் காட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் க்ளிட்ச். அன்றிலிருந்து ப்ரௌசர்கள் நேரத்தைக் கொஞ்சம் மங்கலாகவே காட்டுகின்றன.

பைதான் பக்கம் வேலை செய்பவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சர்வரில் பைடார்ச் ஓட்டி, ஃபிளாஸ்க் வழியாக விடை அனுப்பும் ப்ராஜெக்டிலும் கூடா இதே மாதிரி சீட்டு கொடுத்துவிட்டு ஓடிவிடும். 'டார்ச்.கூடா.சிங்க்ரனைஸ்' போடாமல் எடுத்த நேரத்துக்கும் அந்த 0.1-க்கும் ஒரே ஜாதகம். விடையை 'ஐட்டம்' என்று கேட்டாலோ, சிபியு-வுக்கு மாற்றினாலோ, அந்த வரி தானாகவே காத்திருக்கும். அதனால்தான் ப்ரொஃபைலரில் மாடலுக்கு நேரமே ஆகாதது போலவும், ஒரு சாதாரண 'ப்ரின்ட்' வரிக்கு மொத்த நேரமும் போனது போலவும் தெரியும்.

இப்படி அளந்தால் உள்ளே இருக்கும் ஜிபியு-வில் அந்த 1024 மேட்ரிக்ஸ், நன்றாக எழுதிய ஷேடர் என்றால் சில மில்லி செகண்ட், சுமாராக எழுதியது என்றால் பத்து, இருபது என்று காட்டும். சிபியு 1 செகண்ட் எடுத்த இடத்தில் 10 மில்லி செகண்ட் என்றாலும் 100 மடங்கு. அதை ஸ்லைடில் போடுங்கள். பேனலில் யாராவது "எப்படி அளந்தீங்க?" என்று கேட்டால், எங்கே கடிகாரத்தை நிறுத்தினீர்கள் என்று காட்டவும் ஒரு வரி இருக்கும்.